கொட்டாங்கச்சி தெரியும் வரை

அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது. அது தெரிந்தும் ஒவ்வொரு வளைவிலும் பூங்காவனத்தின் வலது கால் காரின் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. ரப்பர் விரிப்பு, அதற்கடியில் தகரம், அதற்கடியில் ஓடுகிற ரோடு, அவ்வளவுதான். அழுத்தினால் ஒன்றும் நிற்காது. காலுக்கு அது புரியவில்லை. இடது காலுக்கு வேறு வேலை இருந்தது. தாம்பூலப் பையைக் கதவோரமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது அது. பைக்குள் தேங்காய், குடுமி விட்டு உரித்த நல்ல கனமான தேங்காய். நாத்தனார் ராஜாமணியின் சம்பந்தி ஏற்காட்டில் வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் வாசலில் வைத்து ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பை சாய்ந்தால் தேங்காய் உருளும். உருண்டால் அந்தப் பக்கம் போகும். வண்டி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் காலடிக்குப் போய் பிரேக்குக்குக் கீழே சிக்கிக்கொண்டால் அப்புறம் மிதிக்கவே முடியாது. பின்சீட்டில் ராஜாமணி அண்ணியிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அங்கிருந்தும் சீட்டுக்கடியில் உருண்டு வராதா? வரும். இறங்குகிற ரோட்டில் எல்லாமே முன்னால்தான் வரும். அண்ணி மடியில் வைத்திருந்த வடைப் பொட்டலம்கூட இரண்டு தரம் நழுவி முன்னால் வந்து, இரண்டு தரமும் அண்ணி அதை எட்டிப் பிடித்து, இரண்டு தரமும் ஒரு வடை குறைந்திருந்தது. ஒரு கால் தேங்காய்க்கு, ஒரு கால் இல்லாத பிரேக்குக்கு என்று பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். வாயை மூடி வைத்திருந்தாள். அதுதான் பெரிய வேலை.

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று காலையில் குளிக்கும்போதே முடிவு செய்திருந்தாள். போன மாதம் கல்யாணத்துக்குப் போகும்போது குறுக்கே நாய் வந்த மாதிரி இருந்தது, அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நாய் இல்லை, சாக்குப் பை. மண்டப வாசலில், அத்தனை சொந்தக்காரர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கும்போது, "இனிமே வண்டியில வாயத் தொறந்தீன்னா பஸ்ஸில வா, நான் முன்னாடி போய் உனக்கு எடம் போட்டு வைக்கிறேன்" என்றார் மாதேசன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ் ஓட்டியவருக்கு, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காதவருக்கு, ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ரோடு சொல்லித் தரலாமா? தரக்கூடாது. அதனால் இப்போது காதில் விழுகிற இந்தச் சத்தம் காதில் விழவில்லை. விழவே இல்லை. ஆனால் இதோ, மறுபடியும். வளைவு நெருங்குகிறது, அவர் வலது கால் இறங்குகிறது, கர்ர்ர். கால் எடுத்ததும் நின்றுவிடுகிறது. ரேடியோவில் எவனோ விளம்பரத்தில் கத்துகிறான், அதற்குள்ளேயும் அவளுக்குக் கேட்கிறது. காதுக்குக் கேட்பதற்கு முன்னால் காலுக்குக் கேட்கிறது, உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வருகிறது. இது பழைய சத்தம் இல்லை. பழைய சத்தம் கீச் என்று இருந்தது, மெல்லிசாக, சுண்டெலி மாதிரி. தை மாதம் ஆரம்பித்தது. மெக்கானிக் அதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தான், பிரேக் பேடு தேய்ந்து வருகிறது, அதில் சின்னதாக ஒரு தகடு வைத்திருப்பார்கள், பேடு மெலிந்ததும் அந்தத் தகடு உரசிக் கத்தும், கத்த ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் கொண்டு வந்துவிடுங்கள் என்று. "கத்துறது நல்லதுக்குத்தான்க்கா" என்று அவளைப் பார்த்து வேறு சொன்னான். அவர் வீட்டுக்கு வந்து, "பஸ்ஸு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கத்தும், அதுக்காக எறங்கி ஓடிட்டோமா? தூசிதான்" என்றார். அப்புறம் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றினார், விளக்கு அணைந்தது. "பாத்தியா?" என்றார். பார்த்தாள். அடுத்த வாரமே கீச் சத்தமும் நின்றுவிட்டது. அதற்கும் "பாத்தியா?" என்றார்.

அது நின்றதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் அவள் கொலுசுக்கு மணி போடுகிறவள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளிக் கொலுசு வரும், சலங்கைக்குள் மணியைப் போட்டு அதன் வாயை மூடி ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் போடுவதைக் கீழே வைத்துவிடலாம். ஊமையாக இருப்பதைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும், மணி விழுந்திருக்கும், அல்லது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம்தான் போலிருக்கிறது. மகன் பெங்களூரிலிருந்து தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குப் பயம் இல்லை. "சரிம்மா, சரிம்மா" என்று பேச ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் போனது. மாமியார் இருமிக்கொண்டே கிடந்தார், கிடந்தார், ஒரு விடியற்காலை இருமல் நின்றது, எல்லோரும் அப்பாடா என்று தூங்கினார்கள், இவள் மட்டும் எழுந்து போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்துப் பார்த்து, "செத்துட்டனான்னு பாக்கறியா?" என்று கேட்டார். அந்தக் கதையை ராஜாமணி அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள், இன்றைக்குப் பந்தியிலும் சொன்னாள். எத்தனை தரம் பயந்திருக்கிறாள், எத்தனை தரம் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. கேஸ் அணைக்கவில்லை என்று பாதி வழியில் திரும்பிப் போனால் அணைத்துத்தான் இருக்கும். பூட்டவில்லை என்று போனால் பூட்டித்தான் இருக்கும். இதுவும் சாக்காக இருக்கலாம். நாயாகத் தெரிகிற சாக்கு.

"என்னம்மா பூங்காவனம், ஊமை விரதமா?" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "மலையில ஏறறப்பவும் பேசல, எறங்கறப்பவும் பேசல. தம்பி, உம் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு, அலாரம் ரிப்பேரா?"

"நிம்மதியா இருக்கு, கெடுக்காதக்கா" என்றார் அவர்.

"இல்லடா, பழகிப் போச்சு. அவ நாலு தரம் ஐயோ சாமின்னு சொன்னாத்தான் எனக்கே வண்டியில வர்ற மாதிரி இருக்குது."

பூங்காவனம் சிரித்த மாதிரி உதட்டை இழுத்தாள். வளைவுக்கான மஞ்சள் பலகை வந்தது, மேலேயிருந்து எண் குறைந்துகொண்டே வருகிற பலகைகள், அடிவாரம் போகப் போக ஒன்றாகும். இன்னும் நிறைய இருந்தது. இடது பக்கம் காப்பிச் செடிகளும் அவற்றுக்கு மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் நடுவில் மிளகுக் கொடியும், அதற்கப்பால் ஒன்றுமே இல்லாமல் வெறும் வெள்ளையாகச் சேலமும். கர்ர்ர். எங்கேயோ கேட்ட சத்தம். இதை எங்கே கேட்டாள், தினமும் கேட்கிற சத்தம், வீட்டுக்குள்ளேயே கேட்கிற சத்தம். பள்ளிக்கூடத்தில் கடைசியாக நடத்திய அறிவியல் பாடம் நினைவுக்கு வந்தது. ரெண்டு கையையும் தேய்ங்க என்றார் டீச்சர், வகுப்பே தேய்த்தது, சூடு வருதா, வருது டீச்சர். இதுக்குப் பேரு உராய்வு. உராய்வு இல்லாட்டி ஒண்ணுமே நிக்காது, நீங்களும் நிக்க மாட்டீங்க, வழுக்கிக்கிட்டே போயிருவீங்க. எல்லோரும் சிரித்தார்கள். தேய்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டாள். தம்பி பிறந்ததால் மறுநாள் அம்மா அவளை அனுப்பவில்லை, அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை. தேய்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் டீச்சர்? வெள்ளை எல்லாம் தீர்ந்து போகும். வெள்ளை தீர்ந்து... அவள் குனிந்து தாம்பூலப் பையைப் பார்த்தாள். பைக்குள் தேங்காயின் குடுமி தெரிந்தது. துருவுமணை. அதுதான். தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பித் துருவும்போது பஞ்சு மாதிரி சத்தமே இல்லாமல் வரும், வெள்ளையாக விழும். பேச்சுக் கவனத்தில் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் பல் போய்க் கொட்டாங்கச்சியில் பட்டுக் கர்ர் என்னும். கை கூசும். உடனே கையைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையில் பழுப்புத் தூள் விழும். கர்ர் என்றால் அங்கே இனித் தேங்காய் இல்லை. இனி இருப்பது கொட்டாங்கச்சியும் இரும்பும்தான்.

சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? ஏங்க, கொட்டாங்கச்சி தெரியுதுங்க என்றா? அண்ணி அதை அடுத்த பந்தியில் சொல்வாள். அவர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். ஏன் கூட்டினார்? அவருக்கும் கேட்கிறதா? கேட்காமல் இருக்குமா, முப்பது வருஷக் காது. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் அவர் எப்போதாவது தேய்ந்த பிரேக்கைக் கண்ணால் பார்த்திருப்பாரா? ராத்திரி டெப்போவில் வண்டியை விட்டுவிட்டு, துண்டுச் சீட்டில் பிரேக் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். காலையில் போனால் வேறு யாரோ பார்த்து, மாற்றி, இறுக்கி வைத்திருப்பார்கள். புது பிரேக்கை மிதித்து வெளியே எடுப்பார். தூங்கி எழுந்தால் பிரேக் சரியாகிவிடும். அப்படித்தான் அவருக்குப் பழக்கம். ரிட்டயர் ஆகி வாங்கிய இந்தக் காரை ராத்திரி வாசலில் விடுகிறார், வெள்ளிக்கிழமை கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறார், காலையில் அதே காரைத்தான் எடுக்கிறார். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. அவள் இருந்தாள், சொன்னாள், தூசி என்றார். அது இருக்கட்டும், இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்ந்தது? ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று புது டிரைவர் பையன்களை அதட்டுகிறவர் ஆயிற்றே, மலையில் பிரேக்கைத் தொட்டாலே கேவலம் என்பாரே. அவள் கண் அவருடைய இடது காலுக்குப் போனது. கால் மடங்காமல் ஓரமாக நீட்டிக் கிடந்தது. வளைவு வந்தது. கிளட்ச் மேல் அது ஏறவில்லை. கியர் மாறவில்லை. வலது கால் மட்டும் இறங்கியது, கர்ர்ர், இறங்கியபடியே இருந்தது, வளைவு முழுக்க. நேர்ரோட்டில் ஒரு தரம் மட்டும் கிளட்சை மிதித்தார். அப்போது அவர் வாய் கோணியது, கொட்டாவி விடுகிறவர் மாதிரி கையால் மறைத்துக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவது, கோயிலில் கீழே உட்காராமல் தூணில் சாய்ந்து நிற்பது, குளியலறைக் கதவைத் திறந்ததும் வருகிற தைல வாசனை. கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு சிலிண்டர் தூக்கிக் கொடுத்தேன், பிடிச்சுக்கிச்சு என்றார். சிலிண்டர் தூக்கி எத்தனை மாதம் ஆகிறது. பிரேக் பேடைத் தின்றது ரோடு இல்லை. அவருடைய முட்டி. முட்டி சொல்ல மாட்டேன் என்கிறது, அதற்குப் பதிலாகச் சக்கரம் கத்தியது, கத்திக் கத்தி அதுவும் ஓய்ந்துவிட்டது. நானும் ஓய்ந்துவிட்டேன். இப்போது இந்த வண்டியில் எல்லோரும் சும்மா இருக்கிறோம். இப்படியே சும்மா இருந்து எல்லோரும் சேர்ந்து காப்பித் தோட்டத்துக்குள்...

கருகுகிற வாசனை வந்தது. முதலில் அவள் அதைத் தோட்டத்தில் சருகு எரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொள்ள முயன்றாள். சருகு இப்படி நாறாது. நெடியில் இரும்பு இருந்தது. எதிரே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது, அவர் ஒதுங்கினார், மிதித்தார், கார் குறைந்தது, ஆனால் யோசித்துக் குறைந்த மாதிரி குறைந்தது. அவர் காதோரம் வேர்த்திருந்தது. இந்தக் குளிரில். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. தெரிந்துதான் நிறுத்த முடியாமல் ஓட்டுகிறார். அக்கா பின்னால் இருக்கிறாள், போன மாதம் மண்டப வாசலில் பேசிய பேச்சு இருக்கிறது. இப்போது எப்படி நிறுத்துவார், என்ன சொல்லி நிறுத்துவார்? அவருக்கு ஒரு காரணம் வேண்டும். பயந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் வாயைத் திறந்தால் போதும், சிரித்துக்கொண்டே நிறுத்திவிடலாம். அதற்குத்தானே அவள் இத்தனை வருஷம். அவளுக்கு ஒரு நொடி கோபம் வந்தது, நான் ஏன் சொல்ல வேண்டும், ஒரு தரமாவது நீங்கள் சொல்லுங்களேன் என்று. கோபம் அடுத்த வளைவு வரைக்கும்கூட நிற்கவில்லை. பலகை வந்தது. கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாக இடம் இருந்தது, அங்கே இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருந்தன.

"ஏங்க" என்றாள். "வாந்தி வருதுங்க. நிறுத்துங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை மலை ஏறி இறங்கியும் அவள் ஒரு தரம்கூட வாந்தி எடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் கூட வந்தால் மற்றவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கிறவளே அவள்தான்.

"வருதா?" என்றார்.

"வந்துருச்சு."

அவருடைய இடது கால் எழுந்தது. அவர் பல்லைக் கடித்துக் கிளட்சை அழுத்தி, மூன்றாவது கியரை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினார், கார் முன்பக்கம் அமுங்கி முனகியது. கர்ர்ர் என்ற சத்தம் இந்தத் தடவை நிற்கவே இல்லை, நீளமாக வந்தது, ரேடியோவை அமுக்கிக்கொண்டு வந்தது. அவள் கால் தகரத்தை மிதித்தது, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தது. கைப்பிரேக்கை அவர் இழுப்பது கேட்டது. கண்ணைத் திறந்தபோது குரங்குகள் இல்லை, கைப்பிடிச் சுவர் மிகப் பக்கத்தில் இருந்தது, கார் நின்றிருந்தது. அவர் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றிருந்தது.

பூங்காவனம் இறங்கிப்போய்ச் சுவரோரம் குனிந்தாள். அண்ணி நம்புவதற்காக ஓங்கரித்தாள். ஓங்கரித்ததும் நிஜமாகவே வந்துவிட்டது, விருந்துச் சாம்பாரும் பாயாசமுமாக. வாய் கொப்பளித்துத் திரும்பியபோது அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். உட்காரவில்லை. போனட்டைப் பிடித்துக்கொண்டு, இடது காலை நீட்டியபடி, வலது முழங்காலை மெதுவாக இறக்கி, அப்படி ஒரு மாதிரி தொங்கிக்கொண்டு சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தார். உள்ளேயிருந்து அனல் வந்தது. பேடு கவ்விப் பிடிக்கிற வட்டத் தகட்டில் உழுத மாதிரி கோடு கோடாக விழுந்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். அவள் ஒரு கல்லைத் தூக்கி வந்து டயருக்கடியில் வைத்தாள்.

"எப்பலருந்து கேக்குது உனக்கு?" என்றார், நிமிராமல்.

"ஏலக்கா வித்துக்கிட்டிருந்தாங்களே, அங்கிருந்தே."

"ஏன் சொல்லல?"

"பஸ்ஸில வான்னுட்டீங்கன்னா?"

அவர் மூக்கு வழியாக ஒரு மூச்சு விட்டார். சிரிப்பா என்று தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை நீட்டவும் இல்லை. அவளே போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் ஏற்றிய கனத்தில் முட்டி எவ்வளவு போயிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

மேலே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அண்ணி கண்ணாடியை இறக்கி, "ஆச்சா? ஏறும்மா, எல்லாம் அந்தப் பாயாசம். ரெண்டாவது தரம் கேட்டு வாங்குனா இப்படித்தான்" என்றாள். பூங்காவனம் சொல்லத் தயாராக இருந்தாள்: எனக்குக் கார் ஒத்துக்கல அண்ணி, பஸ்ஸில போயிரலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் முடிந்தது, அடுத்த பந்திக்கு ஒரு கதை, அவ்வளவுதான்.

"எறங்குக்கா" என்றார் அவர். "பிரேக்கு இல்ல."

"என்னடா சொல்றே?"

"தேஞ்சு போச்சு. மாத்தியிருக்கணும், தை மாசமே இவ சொன்னா. பைய எடுத்துக்கிட்டு எறங்கு."

அண்ணி இறங்கினாள். வடைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, கீழே, மிகக் கீழே தெரிந்த ரோட்டின் மடிப்புகளைப் பார்த்தாள். அப்புறம், "நான்கூட என்னவோ கருகுதேன்னு நெனச்சேன், அப்பவே சொல்லணும்னு வாய்வரைக்கும் வந்துச்சு" என்றாள். அவர் ரோட்டின் நடுவில் போய்க் கையைத் தூக்கினார்.

பஸ்ஸில் கடைசிக்கு முந்திய சீட்டுதான் கிடைத்தது. அண்ணி முன்னால் ஒரு பாட்டியை நகர்த்தி உட்கார்ந்து, கார் எப்படி மயிரிழையில் நின்றது என்று அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர் போனில் மெக்கானிக்கிடம் பேசினார், பேடு ரெண்டு பக்கமும், வட்டத் தகடும் போயிருச்சுப்பா, எல்லாம் எடுத்துக்கிட்டு மேலேயே வந்துரு, எறக்க வேணாம் என்று. போனை வைத்துவிட்டு டிரைவரின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். சின்ன வயசுப் பையன். "ரெண்டாவது கியர்லதான் எறக்கறான்" என்றார் கொஞ்சம் கழித்து. "பரவால்ல."

"முட்டிக்கும் யாரையாச்சும் பாக்கணும்" என்றாள் பூங்காவனம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர் தூசி என்று சொல்லவில்லை. சிலிண்டர் என்றும் சொல்லவில்லை. வளைவு வந்தது, பஸ் மெதுவாகத் திரும்பியது, அவளுடைய காலுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. தேங்காய் உருண்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். தேங்காய் பையிலேயே இருந்தது. அசைந்தது அவருடைய வலது கால். செருப்போடு பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, வளைவு முடிந்ததும் விட்டது, அடுத்த வளைவுக்கு மறுபடியும் அழுத்தியது. அவர் அறியவில்லை, கண் டிரைவர் மேலேயே இருந்தது. பூங்காவனம் தன் காலைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. தாம்பூலப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் கால் நன்றாக ஊன்றிக்கொள்ள இடம் விட்டாள்.